கட்டடம் தப்பியது... மருத்துவமனை தப்பியதா?

வெள்ளமோ தீயோ நிலநடுக்கமோ, எது வந்தாலும் ஊர் முதலில் ஓடுவது மருத்துவமனைக்குத்தான். அந்த மருத்துவமனையே செயலிழந்தால்? அது உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. பெரும்பாலும் சின்னச் சின்னக் காரணங்களால்!

2015 டிசம்பர் 1. சென்னையை அடுத்த தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட, அடையாறு இரு கரைகளையும் மீறியது. மணப்பாக்கத்தில் ஆற்றை ஒட்டி நின்ற பெரிய தனியார் மருத்துவமனைக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் போனது, அதற்கு மாற்றாக இருந்த ஜெனரேட்டர்களும் நின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 18 நோயாளிகள் இறந்தார்கள் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. அந்த மரணங்களில் எத்தனைக்கு மின்தடை காரணம், எத்தனைக்கு நோயின் கடுமை காரணம் என்ற வாதம் பின்னர் நீண்டது. ஒரு விஷயத்தில் மட்டும் வாதமே இல்லை. கட்டடம் இடிந்து விழவில்லை. மருத்துவர்கள் உள்ளேதான் இருந்தார்கள், மருந்துகளும் இருந்தன. ஆனாலும், அது மருத்துவமனையாக இயங்கவில்லை.

பேரிடரில் மருத்துவமனைகள் பெரும்பாலும் இப்படித்தான் வீழ்கின்றன. இடிந்து விழுந்தால்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். மின்சாரம், தண்ணீர், ஆக்ஸிஜன், லிஃப்ட், சாலை, ஊழியர் - இந்த ஆறில் இரண்டு அறுந்தாலே போதும், ஆயிரம் படுக்கை மருத்துவமனையும் வெறும் கட்டடமாகிவிடும். இந்த ஆறையும் காப்பாற்றும் வேலைகளில் பலவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை. எதை எங்கே வைக்கிறோம் என்ற முடிவே பாதி வேலை.

பாதாளத்தில் உயிர்நாடி

பெரிய மருத்துவமனை எதற்குள்ளும் நுழைந்து, கீழ்த்தளத்தைப் பாருங்கள். ஜெனரேட்டர், மின் பேனல், சேஞ்ச்ஓவர் சுவிட்ச், டீசல் டாங்கி, தண்ணீர் சம்ப், மோட்டார் ரூம், மருந்துக் கிடங்கு, சில இடங்களில் ஸ்கேன் மையம்கூட அங்கேதான் இருக்கும். காரணம் எளிது. ஜெனரேட்டர் கனமானது, சத்தம் போடும், புகை விடும். மேலே இருக்கும் ஒவ்வொரு சதுர அடியிலும் படுக்கை போடலாம், கட்டணம் வாங்கலாம். கீழே இருக்கும் இடத்தில் கார் நிறுத்தலாம் அல்லது இயந்திரம் வைக்கலாம். கணக்குப் பார்த்தால் எல்லாம் சரிதான். தண்ணீருக்கு மட்டும் இந்தக் கணக்கு தெரியாது. அது முதலில் தேடிப்போவது பள்ளத்தைத்தான்.

இது சென்னையின் கதை மட்டுமல்ல. 2005-ல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, அங்கிருந்த மெமோரியல் மருத்துவமனையில் அவசர மின்சாரத்துக்கான மாற்று சுவிட்சுகள் தரையிலிருந்து சில அடி உயரத்திலேயே இருந்தன. மின்சாரம் முழுதாக நின்றது. கடும் வெப்பத்தில் நாள்கணக்கில் நோயாளிகள் மீட்புக்காகக் காத்துக்கிடந்தனர். வெள்ளம் வடிந்தபின் அங்கிருந்து 45 உடல்கள் எடுக்கப்பட்டன.

2012-ல் சாண்டி சூறாவளி நியூயார்க்கைத் தாக்கியது. அங்கே பெல்வியூ மருத்துவமனை நிர்வாகம் முன்யோசனையோடு ஜெனரேட்டர்களை 13-வது மாடியில் வைத்திருந்தது. ஆனால், அவற்றுக்கு டீசல் ஏற்றும் பம்புகள் பேஸ்மென்டில்! பம்புகள் மூழ்கின. ஊழியர்களும் படைவீரர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி 13 மாடிக்கு டீசல் ஏற்றினார்கள். அப்படியும் கடைசியில் மருத்துவமனையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. சற்றுத் தள்ளியிருந்த என்.ஒய்.யூ. லாங்கோன் மருத்துவமனையிலும் மின்சாரம் போனது. பச்சிளங்குழந்தைப் பிரிவின் 20 குழந்தைகளைச் செவிலியர்கள் கைகளில் ஏந்தி, இருட்டுப் படிக்கட்டில் இறங்கினார்கள். சுவாசக் கருவியில் இருந்த குழந்தைகளுக்கு ஆம்பு பையைக் கையால் அழுத்திக்கொண்டே இறங்கினார்கள்.

பெல்வியூ சொல்லும் பாடம் கூர்மையானது. ஒரு சாதனத்தை மேலே தூக்கிவைத்தால் போதாது. அதை இயக்கும் சங்கிலியில் எந்தக் கண்ணி தாழ்ந்த இடத்தில் இருக்கிறதோ, அதுதான் மருத்துவமனையின் உண்மையான உயரம்.

பாடம் கற்றவர்களும் உண்டு. 2001-ல் அலிசன் புயல் ஹூஸ்டன் நகரின் டெக்சாஸ் மருத்துவ மையத்தின் கீழ்த்தளங்களை மூழ்கடித்தது. பல ஆண்டு ஆராய்ச்சிகள் அழிந்தன, நோயாளிகள் வெளியேற்றப்பட்டனர். அதன்பின் அங்கே மின்சாதனங்கள் மேலே ஏற்றப்பட்டன. நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பதுபோன்ற இறுக்கமான வெள்ளத் தடுப்புக் கதவுகள் பொருத்தப்பட்டன. 2017-ல் ஹார்வி சூறாவளி வந்து நகரமே மிதந்தபோது, அந்த மையத்தின் பெரும்பாலான மருத்துவமனைகள் திறந்தே இருந்தன. நகரமும் அதேதான், பள்ளமும் அதேதான். மாறியவை கதவுகளும் பேனல்களும் மட்டுமே.

பூஜ் விழுந்ததும் எழுந்ததும்

வெள்ளத்துக்கு எச்சரிக்கை மணியாவது அடிக்கும். நிலநடுக்கத்துக்கு அதுவும் இல்லை.

2001 ஜனவரி 26 காலை குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியது. 13,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு பூஜ் நகர மக்கள் ஓடியபோது, ஓட வேண்டிய இடமே இல்லை. மாவட்ட மருத்துவமனை நோயாளிகளோடும் ஊழியர்களோடும் சேர்ந்து இடிந்துகிடந்தது. திறந்த மைதானத்தில் அறுவை சிகிச்சைகள் நடந்தன.

அதே ஊரில் மீண்டும் எழுப்பப்பட்ட ஜி.கே. பொது மருத்துவமனை, இந்தியக் கட்டுமான வரலாற்றில் ஒரு மைல்கல். அஸ்திவாரத்துக்கும் கட்டடத்துக்கும் இடையில் ஈயமும் ரப்பரும் சேர்ந்த தாங்கிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. நிலம் வெடுக்கென்று அசைந்தாலும் தாங்கிகள் அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும். மேலே கட்டடம் மெதுவாக மட்டுமே ஆடும். இந்தத் தொழில்நுட்பத்தில் இந்தியாவில் எழுந்த முதல் மருத்துவமனை அதுதான். 2004-ல் திறக்கப்பட்டது.

கட்டடம் நின்றால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஆலிவ் வியூ மருத்துவமனை 1971 நிலநடுக்கத்தில் சிதைந்தது. திறந்து சில வாரங்களே ஆன புத்தம் புதுக் கட்டடம் அது! அந்த அதிர்ச்சியில்தான் 1973-ல் கலிஃபோர்னியா மாகாணம் மருத்துவமனைகளுக்கென்றே தனி நிலநடுக்கப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஆலிவ் வியூ இரும்புக்கோட்டையாகத் திரும்பக் கட்டப்பட்டது. 1994-ல் மறுபடி நிலநடுக்கம். இம்முறை கட்டடம் அசையாமல் நின்றது. ஆனால், உள்ளே தண்ணீர்க் குழாய்கள் உடைந்து, மாடிகளில் வெள்ளம். நோயாளிகள் வெளியேற்றப்பட்டார்கள். பல கோடியில் எழுந்த கோட்டையைச் செயலிழக்க வைத்தவை சில குழாய்கள்.

மருத்துவமனைப் பொறியியலில் இவற்றை 'கட்டமைப்பு சாராத பகுதிகள்' என்கிறார்கள். கூரைப் பலகை, குழாய், ஆக்ஸிஜன் சிலிண்டர், மருந்து அலமாரி, கண்ணாடி, தண்ணீர் டாங்கி எல்லாம் இதில் அடக்கம். ஒரு நவீன மருத்துவமனைக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி தூணுக்கும் உத்திரத்துக்கும் போவதில்லை, இவற்றுக்குத்தான் போகிறது. நிமிர்ந்து நிற்கும் சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியால் கட்டிவைப்பதும், அலமாரியைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்குவதும் ஒரு நாள் வேலை. செலவு சில நூறு ரூபாய். அதைச் செய்யாத மருத்துவமனைகள் எத்தனை என்று பார்க்க நிபுணர் தேவையில்லை. அடுத்த முறை போகும்போது நீங்களே கவனிக்கலாம்.

புகை லிஃப்ட் கேட்காது

இந்திய மருத்துவமனைகளை அடிக்கடி தாக்கும் ஆபத்து புயலும் அல்ல, நிலநடுக்கமும் அல்ல. தீ.

2011 டிசம்பர் 9 அதிகாலை, கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனை பேஸ்மென்டில் தீப்பிடித்தது. வாகனம் நிறுத்த வேண்டிய இடத்தில் எரியக்கூடிய பொருள்கள் அடுக்கப்பட்டிருந்தன. புகை குளிர்சாதனக் குழாய்கள் வழியே மாடிக்கு மாடி ஏறியது. வெளியே அழகுக்காகக் கண்ணாடியால் மூடிய சுவர்; புகை வெளியேற வழியில்லை. 90-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை. எழுந்து நடக்க முடியாத நோயாளிகள், படுக்கையிலேயே மூச்சுத்திணறி இறந்தார்கள்.

2021 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பண்டாரா, 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் ஜான்சி: இரண்டு இடங்களிலும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீ. பண்டாராவில் 10 குழந்தைகள் இறந்தன. ஜான்சியிலும் தீ பிடித்த இரவிலேயே 10 குழந்தைகள் பலியாயின. 2024 டிசம்பர் 12 இரவு நம் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீ. ஒரு சிறுமி உட்பட 6 பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் சிக்கியவர்கள் புகையில் மயங்கிய நிலையில் கண்டெடுக்கப்பட்டார்கள். தீ விபத்தில் லிஃப்டில் ஏறக் கூடாது என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால், காலில் கட்டுப்போட்டுப் படுத்திருப்பவர் படிக்கட்டில் எப்படி இறங்குவார்? அவருக்குத் தேவை சாய்தளமும், புகை புகாத அடுத்த பகுதிக்குப் படுக்கையோடு தள்ளிச்செல்லும் வழியும்தான்.

மருத்துவமனை, வீட்டைவிட வேகமாக எரியக் காரணங்கள் உண்டு. ஆக்ஸிஜன் செறிந்த அறையில் சிறு பொறியும் பெருநெருப்பாகும். இன்குபேட்டர், வார்மர், வென்டிலேட்டர், ஏசி எல்லாம் 24 மணி நேரமும் ஓடுகின்றன. பத்துப் படுக்கைக்குப் போட்ட வயரிங்கில் இருபது படுக்கையின் கருவிகள் தொங்குகின்றன. ஒரு பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன், அதிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று அலுவலகச் சுவரில் மாட்டப்பட்டிருக்கும். அவசர வழிக் கதவில் பூட்டும் மாட்டப்பட்டிருக்கும்.

ஆக்ஸிஜனும் தனி ஆபத்துதான். 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், நாசிக் நகர மருத்துவமனையில் திரவ ஆக்ஸிஜன் டாங்கியில் கசிவு. சற்று நேரம் அழுத்தம் குறைந்தது. அதற்குள் 20-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்துவிட்டார்கள். ஒரே டாங்கி, ஒரே குழாய் என்றிருந்தால், ஒரு வால்வு பழுதானாலும் மொத்த வார்டும் மூச்சிழக்கும்.

சாலை அறுந்த ஊரில் பிரசவ வலி

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி பொங்கியது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்துக்குள் வெள்ளம் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கினர். கர்ப்பிணி ஒருவரை விமானப்படை ஹெலிகாப்டர் மீட்டது. 108 ஆம்புலன்ஸை அழைக்க செல்போன் சிக்னல் வேண்டும். 108 வர சாலை வேண்டும். இரண்டும் இல்லாத நாள்கள் அவை.

இங்கேதான் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட ஒரு காரணமும் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்ததும், பிரசவத் தேதி நெருங்கிய பெண்களின் பட்டியலைக் கிராம சுகாதாரச் செவிலியர்கள் எடுப்பார்கள். வலி வரும்வரை காத்திருக்காமல், முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ சேர்த்துவிடுவார்கள். ஒடிசாவும் இதைச் செய்கிறது. இதற்கு கான்கிரீட் தேவையில்லை. எந்தத் தெருவில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்பது தெரிந்த ஒரு செவிலியர் தேவை. அந்த அறிவும் பொது சுகாதாரக் கட்டமைப்புதான்.

இதே முறையை இன்னும் சிலருக்கு நீட்டிக்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வாரம் மூன்று முறை, தலா நான்கு மணி நேரம் சிகிச்சை. ஒருமுறைக்கே 120 லிட்டர் சுத்திகரித்த நீர் தேவைப்படும். புயல் ஓயட்டும் என்று சிறுநீரகம் காத்திருக்காது. இன்சுலின் போடுபவர்கள், காசநோய் மருந்து எடுப்பவர்கள், வீட்டிலேயே ஆக்ஸிஜன் கருவியோடு இருப்பவர்கள் ஆகியோரின் பட்டியலும் மழைக்கு முன்னரே கையில் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருந்தாக வேண்டும். அங்கிருக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டி சிறிது காலம் மின்சாரம் இல்லாமலும் குளிரைக் காக்கும். ஆனால், கஜா புயலுக்குப் பின் டெல்டா கிராமங்களில் நடந்ததுபோல வாரக்கணக்கில் மின்சாரம் இல்லையென்றால் எந்தப் பெட்டியும் தாங்காது.

வெள்ளம் வடிந்த பிறகு

பேரிடரின் இரண்டாவது அலை, தண்ணீர் வடிந்தபின் வரும். சம்பில் சாக்கடை கலந்திருக்கும். வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல், டெங்கு ஒன்றன்பின் ஒன்றாக வரும். 2018 பெருவெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவியபோது, வெள்ளநீரில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரைகளை அரசு பெருமளவில் விநியோகித்தது.

2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முகாம்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். அடுத்து கொள்ளைநோய் வெடிக்கும் என்று பலரும் அஞ்சினார்கள், வெடிக்கவில்லை. வெளிமாவட்டங்களிலிருந்தும் சுகாதார ஆய்வாளர்களும் பணியாளர்களும் வந்து குவிந்தார்கள். குடிநீரில் குளோரின், தெருவில் பிளீச்சிங் பவுடர், குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி என்று நாள்தோறும் வேலை நடந்தது. சிகிச்சைக்குத் தனித்துறை, நோய்த்தடுப்புக்குத் தனித்துறை என்று பிரித்து வைத்திருக்கும் மாநிலம் இது. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மண். நடக்காத கொள்ளைநோய்க்குத் தலைப்புச் செய்தி கிடையாது. அதனால்தான் இந்தத் துறையின் காலியிடங்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. சுகாதார ஆய்வாளர் பணியிடம் ஒன்று காலியாகக் கிடப்பதும், தடுப்புச் சுவரில் ஒரு கல் பெயர்ந்து கிடப்பதும் ஒன்றுதான்.

இருபது ஆண்டுத் தாமதம்

இடம் தவறினால் எதுவும் உதவாது என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. இலங்கையின் காலி நகரில், கடலை ஒட்டியே இருந்தது மகாமோதர மகப்பேறு மருத்துவமனை. சுனாமி அலை உள்ளே புகுந்தது. தாய்மார்களையும் குழந்தைகளையும் வெளியேற்றினார்கள். அந்த நேரம் இலங்கையில் தங்கியிருந்து உயிர்தப்பிய ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் ஹெல்முட் கோல் புதிய மருத்துவமனைக்கு முயற்சி எடுத்தார். கடலிலிருந்து தள்ளி, கராப்பிட்டியவில் ஜெர்மனி உதவியோடு எழுந்த அந்த மருத்துவமனை திறக்கப்பட்டது 2024 மார்ச்சில். கோல் இறந்தே ஏழு ஆண்டுகள் ஆகப்போகும் நேரம். தவறான இடத்தில் கட்டியதைத் திருத்த ஏறக்குறைய இருபது ஆண்டுகள்! கட்டுவதற்குமுன் வரைபடத்தில் செய்யும் திருத்தத்துக்கு ஒரு வாரம் போதும்.

நம் ஊரில் ஏரிப்புறம்போக்கும் ஆற்றங்கரையும்தான் அரசுக்கு எளிதில் கிடைக்கும் நிலம். அங்கேயே அலுவலகம், அங்கேயே பேருந்து நிலையம், அங்கேயே மருத்துவமனை. 2021 நவம்பர் மழையில் சென்னை கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தண்ணீர் தேங்கி நோயாளிகள் தவித்ததையும் பார்த்தோம். புதிதாக மருத்துவமனை அறிவிக்கும்போது படுக்கை எண்ணிக்கையையும் கோடிகளையும் சொல்கிறார்கள். அந்த இடத்தில் கடந்த வெள்ளம் எத்தனை அடி நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

மதிப்பெண் போடுங்கள், வெளியிடுங்கள்

விதிகளுக்குப் பஞ்சமில்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-லேயே மருத்துவமனைப் பாதுகாப்புக்குத் தனி வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. சாதாரணக் கட்டடத்தைவிட ஒன்றரை மடங்கு நிலநடுக்க விசைக்கு மருத்துவமனையை வடிவமைக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் பதிவு செய்தே இயங்க வேண்டும்.

குறை எங்கே? எந்த மருத்துவமனை இந்த விதிகளின்படி இருக்கிறது என்பது யாருக்கும் தெரிவதில்லை. 1985 மெக்ஸிகோ நிலநடுக்கத்தில் மருத்துவமனைகள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தபின், அமெரிக்கக் கண்டத்து நாடுகள் தொடர்ந்து உழைத்து, 2008-ல் 'மருத்துவமனைப் பாதுகாப்புக் குறியீடு' ஒன்றைக் கொண்டுவந்தன. 145 அம்சங்களைப் பார்த்து ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். ஏ என்றால் பேரிடரிலும் இயங்கும். பி என்றால் கட்டடம் தாங்கும், சேவை தடுமாறும். சி என்றால் உள்ளே இருப்பவர் உயிருக்கே ஆபத்து. பயிற்சி பெற்ற குழு பெரிய செலவில்லாமல் முடித்துவிடக்கூடிய ஆய்வு இது.

தமிழ்நாட்டின் ஒவ்வொரு அரசு, தனியார் மருத்துவமனைக்கும் இப்படியொரு தரம் போட்டு வாசலில் எழுதி வைத்தால் என்ன? உணவகத்தின் தூய்மைக்கே தரம் கேட்கும் காலம் இது. சி வாங்கிய மருத்துவமனை அவமானப்படட்டும். ஆனால், அதைத் திருத்த அரசு மருத்துவமனைக்குத் தனி நிதியும், தனியாருக்குக் கெடுவும் கொடுக்கப்படட்டும். தரம் ரகசியக் கோப்பில் இருக்கும்வரை, கட்டடத்துக்கு வெள்ளையடிக்கத்தான் பணம் ஒதுக்கப்படும். பேனலை மேலே தூக்கிவைக்க ஒதுக்கப்படாது. திறப்புவிழாவில் ரிப்பன் வெட்ட வெள்ளையடித்த சுவர்தானே தெரியும்!

உங்கள் ஊர் மருத்துவமனையில் கேளுங்கள்

● ஜெனரேட்டர், மின் பேனல், டீசல் பம்பு மூன்றும் கடந்த பெருவெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா?

● முழுச் சுமையோடு ஜெனரேட்டரைக் கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தார்கள்? எத்தனை நாளுக்கு டீசல் இருப்பு?

● ஆக்ஸிஜனுக்கு இரண்டாவது வழி உண்டா? சிலிண்டர்கள் கட்டப்பட்டிருக்கின்றனவா?

● அவசர வழிக் கதவு இந்த நிமிடம் திறக்குமா? இரவுப் பணியில் இருப்பவர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி கொடுத்தார்களா?

● நடக்க முடியாத நோயாளியை லிஃப்ட் இல்லாமல் இறக்க வழி என்ன?

● சாலை துண்டிக்கப்பட்டால் அடுத்த ஷிப்ட் ஊழியர்கள் எப்படி வருவார்கள்? உள்ளே இருப்பவர்களுக்கு உணவும் குடிநீரும் எத்தனை நாளுக்கு?

கண்காணிப்பாளரிடம் பதில் இல்லையா? மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதுங்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் அவர்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்குவது அக்டோபரில். கேள்விகளை ஜூனிலேயே கேட்டுவிட்டால், பேனலைத் தூக்கிவைக்க நான்கு மாதம் கிடைக்கும்.